குடைச் சட்டைக்கு மஞ்சள் கரை

சட்டை தரையில் படுக்கவில்லை.

பச்சைத் துணியில் தைத்த குழந்தைச் சட்டை. இடுப்புக்குக் கீழே முழு வட்டமாக விரியும்; எங்கள் பக்கத்தில் குடைச் சட்டை என்போம். அந்த வட்டத்தின் கரை முழுவதும் மஞ்சள் நாடா வைத்துத் தைத்திருந்தேன். நூலை வெட்டிவிட்டு, விறாந்தைச் சீமெந்துத் தரையில் விரித்துப் போட்டேன். நடுப்பகுதி ஒழுங்காகக் கிடந்தது. கரை மட்டும் சுற்றிவர எழும்பி நின்றது. கையால் அமத்தினேன். கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

அம்மா குசினியிலிருந்து, தேங்காய் துருவிய கையோடு எட்டிப் பார்த்தார்.

“இதென்ன புள்ள, அப்பச்சட்டி மாதிரி நிக்கிது?”

“இன்னும் அயன் பண்ணல்ல” என்றேன். பொய். இரண்டு தரம் அயன் பண்ணியாயிற்று.

அம்மா திரும்பிப் போனார். ஆனால் திருவலையில் உட்கார்ந்த பிறகு தேங்காய் துருவும் சத்தம் கொஞ்ச நேரம் வரவில்லை. யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்ன யோசிக்கிறார் என்பதும் தெரிந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளி பின்னேரம் நிர்மலா டீச்சர் வருவார். குருக்கள்மடத்தில் என் மகள் யதுஷா படித்த முன்பள்ளியின் ஆசிரியை அவர். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு பிள்ளைகளின் கலைவிழா. பதினான்கு சிறுமிகளுக்குப் பதினான்கு குடைச் சட்டைகள் வேண்டும். மாதிரிக்கு ஒன்று தைத்துக் காட்டச் சொல்லியிருந்தார். சரியென்றால் பதினான்கும் எனக்கு. இல்லையென்றால் கல்முனையில் ஒரு கடைக்குப் போய்விடும்.

எனக்கும் அதற்குப் பிறகு போக ஓர் இடம் இருந்தது. குவைத்.

போட்டோவில் இருந்தவள்

கார்மண்ட் என்று நாங்கள் சொல்லும் ஆடைத் தொழிற்சாலையை விட்டு வந்த கதையைப் போன கிழமை இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், ஒன்பது வருசம் தைத்தவளுக்கு ஒரு பிள்ளைச் சட்டை தைப்பது பெரிய காரியமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கும் அப்படியொரு நினைப்பு இருந்ததுதான் வில்லங்கம்.

நான் வேலை செய்த இடத்தில் பெண்களின் இரவுச் சட்டை தைத்தோம். ஒரு சட்டை எத்தனையோ கைகள் மாறித்தான் முழுச் சட்டையாகும். ஒருத்தி தோள் பொருத்துவாள். ஒருத்தி கழுத்து வளைவுக்கு நாடா வைப்பாள். நான் முன்பக்கத்து நேர் ஓரத்துக்கு நாடா வைப்பேன். அவ்வளவுதான். ஒன்பது வருசமும் அந்த நேர் ஓரம்.

நாடா சக்கரம்போலச் சுற்றி என் மேசைக்கு வரும். மெஷினின் முன்னால் ஃபோல்டர் என்று ஒரு சின்ன உலோகக் குழாய் பூட்டியிருக்கும். நாடா ஒரு பக்கத்தால் தட்டையாகப் போய், மறுபக்கத்தால் மடிந்து வரும். நான் துணியை உள்ளே கொடுத்து, நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, காலை அமத்தினால் போதும். வேகத்தில் என்னை யாரும் பிடிக்க முடியாது. சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில், அந்த மாதத்துச் சிறந்த தொழிலாளி என்று என் போட்டோவை மாட்டினார்கள். அம்மா அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த நாடாவை யார் வெட்டுகிறார்கள், எப்படி வெட்டுகிறார்கள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வந்தது, தைத்தேன்.

அங்கே என் லைனில் பிழை பார்க்கும் பெண்ணொருத்தி இருந்தாள். பெயர் தர்ஷி. கையில் சிவப்பு ஸ்டிக்கர் தாள் வைத்திருப்பாள். தையல் கோணினால் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வாய் திறக்காமல் மேசையில் போட்டுவிட்டுப் போவாள். அவளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அவள் கண்ணில் கொள்ளிக்கட்டை வைக்கவேண்டும் என்று பகல் சாப்பாட்டின்போது பலமாகவே சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தால் தர்ஷி மன்னிக்கட்டும்.

ஆக, ஊருக்கு வந்து பழைய தையல் மெஷின் ஒன்றை விறாந்தையில் போட்டு, ‘இங்கு சகலவிதமான தையலும் தைத்துக் கொடுக்கப்படும்’ என்று மட்டையில் எழுதி வாசலில் கட்டியவளுக்குத் தெரிந்தது ஒரேயொரு வேலை. அதுவும் குழாய் பூட்டிய மெஷினில்.

அம்மா கட்டிய வீடு

குவைத் கதையைச் சொல்லாவிட்டால் இந்தச் சட்டையின் பாரம் விளங்காது.

எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் பின்பக்கத்து அறைக்கோ, வளவுக்குள் இன்னொரு கொட்டிலுக்கோ மாறிக்கொள்வார்கள். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. பெண் பிறந்ததுமே கல்லும் சீமெந்தும் கண்ணுக்குள் வந்துவிடும்.

நான் இருக்கும் வீட்டை அம்மா அப்படித்தான் கட்டினார். எனக்கு ஆறு வயதில் குவைத்துக்குப் போய், ஒன்பது வயதில் திரும்பி வந்தார். மூன்று வருசம் ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, மற்றவர்களின் பிள்ளைகளைக் குளிக்கவார்த்தார். வந்த அன்று வேனிலிருந்து இறங்கி என்னை நோக்கிக் கையை நீட்டினார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. நான் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டு, “வாங்க மாமி” என்றேன்.

அம்மா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று விளங்க எனக்கும் ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

அப்போது யதுஷாவுக்கு நான்கு வயது. என் கணவர் கேதீஸ் மேசன். அந்த வருசம் யாரும் வீடு கட்டவில்லை; வேலை விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்து ஓர் ஏஜென்ட் ஃபோனில் கோல் எடுத்துக்கொண்டே இருந்தார். பாஸ்போர்ட் எடுத்து அல்மாரியில் வைத்தாயிற்று. திங்கட்கிழமை வைத்தியப் பரிசோதனைக்கு வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றார்.

“எனக்கு மட்டும் விருப்பமா?” என்றார் கேதீஸ். “பொம்புளப் புள்ள ஒண்டு இரிக்கி. நாளைக்கு அதுக்கும் ஒரு வீடு கட்டணும்.”

“டீச்சர்ர சட்டை சரி வந்தா நான் போகமாட்டன்” என்றேன். “பதினாலு புள்ளையள்ர தாய்மாரும் அந்தச் சட்டையப் பாப்பாங்க. மறுகா வேலை தன்னால வரும். சரி வராட்டி நானே ஏஜென்டுக்குச் சொல்றன்.”

அவர் தலையாட்டினார். நான் போட்ட பந்தயம்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்த்த கழுத்து

அப்பச்சட்டியைப் பிரித்தேன். தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம். சவர பிளேட்டின் முனையால் ஒவ்வொரு தையலாக வெட்டவேண்டும்; கொஞ்சம் சறுக்கினாலும் துணி போய்விடும்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பக்கத்தில் தைக்கிற ஆட்கள் இல்லாமலா? ஆனால் சுவரில் போட்டோ மாட்டியவள் போய், “நாடா எப்படி வைப்பது?” என்று கேட்டால் அது அன்றைக்கே வாவியைக் கடந்து படுவான்கரைக்கும் போய்ச் சேரும். வீம்பு என்றால் வீம்புதான்.

கார்மண்டில் பிழை வந்த சட்டைகளைச் சில வேளை எங்களுக்கே கொடுப்பார்கள். அப்படிக் கிடைத்த இரவுச் சட்டை ஒன்றை அம்மா போட்டுக் கிழித்து, அடுப்படித் துணியாக வைத்திருந்தார். அதன் கழுத்து வளைவு அந்த நிலையிலும் தட்டையாக, அழகாகக் கிடந்தது. பக்கத்து மெஷின்காரி வைத்த நாடா. ஒன்பது வருசம் என் முழங்கைக்குப் பக்கத்தில் நடந்த வேலை. அதைக் கழுவிக் காயவைத்து, கழுத்தை மட்டும் பிரித்தேன்.

நாடாவை வெளிச்சத்துக்குப் பிடித்தபோதுதான் பார்த்தேன். அதன் இழைகள் நாடாவின் நீளத்துக்கு ஓடவில்லை. சரிவாக, மூலைக்கு மூலை ஓடின. இழுத்துப் பார்த்தேன், நீண்டது. விரலில் வளைத்தேன், வளைந்து கிடந்தது. நான் வெட்டிய நாடாவையும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. துணி வீணாகக்கூடாதென்று நேராக, கரையோடு கரையாக வெட்டியிருந்தேன். நேராக வெட்டியது நேர் ஓரத்துக்குத்தான் சரிவரும்.

மஞ்சள் துணியை மூலைக்கு மூலை மடித்து, சோக்கால் கோடு போட்டேன். கச்சான் காற்று விறாந்தைக்குள் வந்து துணியைத் தூக்கிக்கொண்டே இருந்தது. நாலு பக்கமும் செருப்பைத் தூக்கி வைத்துத்தான் வெட்டினேன். துண்டுகள் நீளம் போதாமல், சரிவாகவே ஒன்றோடொன்று பொருத்தினேன். கிறோஸ் பீஸ் என்று தையற்காரர்கள் சொல்வது இதைத்தான் என்று பிறகு அறிந்துகொண்டேன்.

புதன்கிழமை தைத்து விரித்தேன். அப்பச்சட்டி இல்லை. ஆனால் சாப்பாட்டுக் கோப்பையைப் போல, ஓரம் இன்னும் கொஞ்சம் எழும்பி நின்றது.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. யாருமில்லாத நேரம் பார்த்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். வேறொரு துண்டுத் துணியில் மெதுவாகத் தைத்துப் பார்த்தேன். அப்போதுதான் என் வலது கை செய்யும் வேலை கண்ணில் பட்டது. அது நாடாவை இழுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லாமலே இழுத்தது. ஒன்பது வருசம் இழுத்த கை. வெளிவளைவில் நாடாவை இழுத்தால், அது கரையைச் சுருக்கி மேலே தூக்கிவிடும். இவ்வளவு பேரெடுத்துத் தந்த அந்தப் பழக்கம்தான் இங்கே கெடுத்தது.

கைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. அதற்கு வேலையே கொடுக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். வியாழக்கிழமை சட்டையைத் தரையில் வட்டமாக விரித்தேன். நாடாவைத் தொய்வாக அதன்மேல் படுக்கவைத்து, குண்டூசி குத்தி, தரையிலேயே சுற்றிச்சுற்றி ஊர்ந்து, ஊசியால் நூலோட்டினேன். முழங்கால் தோல் உரிந்தது. நூலோட்டிய பிறகுதான் மெஷினுக்குக் கொண்டுபோனேன்; இழுக்க இனி ஒன்றுமில்லை.

மத்தியானம் விரித்தேன். தட்டையாகக் கிடந்தது. அம்மா வந்து சுற்றிப் பார்த்தார்.

“ம்” என்றார். அம்மாவிடம் அது பெரிய பாராட்டு.

நாலு பொட்டு

வெள்ளிக்கிழமை பின்னேரம் டீச்சர் வந்தார். மிச்சம் பதின்மூன்று சட்டைக்கான துணியும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். சட்டையை யதுஷாவுக்குப் போட்டுவிட்டேன். அவள் கதிரையில் ஏறி நின்றாள்.

“கிறுகு மனே” என்றார் டீச்சர்.

யதுஷா ஒரு சுற்றுச் சுற்றினாள். பச்சை விரிந்தது, மஞ்சள் கரை வட்டமாகப் பறந்தது. டீச்சரின் முகம் மலர்ந்தது. “நல்லாரிக்கி சுபா. இதையே எல்லாருக்கும் தைச்சிருங்க” என்று பையை என்னிடம் நீட்டினார். அம்மா குசினி வாசலில் நின்று பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான் பையை வாங்கக் கையை நீட்டினேன். அந்த நேரம் யதுஷா சுற்றி முடித்து அசையாமல் நின்றாள். சட்டை அடங்கியது. கரை ஒரே மட்டத்தில் இல்லை.

முன்பக்கத்தில் இரண்டு இடம், பின்பக்கத்தில் இரண்டு இடம், அரை விரல் கீழே தொங்கியது. முந்தின நாளிலிருந்து கொடியில் தொங்கியிருந்த சட்டை. வட்டமாக வெட்டிய துணியில் நாலு இடத்தில் இழை சரிவாக விழும். அந்த இடம் பாரத்தில் இறங்கிவிடும். நாடாவை வளையவைத்த அதே குணம்தான் சட்டையைத் தொங்கவும் வைத்தது.

டீச்சர் அதைக் காணவில்லை. அம்மா காணவில்லை. பை என் விரலில் பட்டுக்கொண்டிருந்தது.

வாங்கியிருக்கலாம். கலைவிழாவில் யார் அளவுகோல் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்? அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் மேடையில் வரிசையாக நிற்கும் பதினான்கு சட்டைகள் கண்ணுக்குள் வந்தன. ஒவ்வொன்றிலும் அதே நாலு தொங்கல்.

கண்ணாடியில் ஒட்டுப்பொட்டு அட்டை கிடந்தது. நாலு சிவப்புப் பொட்டை உரித்து வந்து, கரை இறங்கிய நாலு இடத்திலும் ஒட்டினேன்.

“என்ன சுபா இது?” என்றார் டீச்சர்.

“இந்த நாலு இடமும் இறங்கிக் கிடக்கு, டீச்சர். இதை நான் தரமாட்டன். ஞாயித்துக்கிழமை காலம வாங்க, திருத்தித் தாறன்.”

“எனக்கொண்டும் தெரியல்லையே.”

“எனக்குத் தெரியிது டீச்சர்.”

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “எனக்கு நாள் இல்ல, தங்கச்சி. கல்முனைக்காரரும் நாளைக்கு ஒண்டு தைச்சு அனுப்புறண்டு சொல்லியிருக்கார். அது நல்லமெண்டா நான் அவருக்கே குடுத்திருவன். பிறகு கோவிக்கக்கூடா.”

“குடுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை என்ட சட்டையையும் பாத்திட்டுக் குடுங்க.”

அவர் துணிப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கைக்கு வந்ததத் தட்டி உட்டுட்டியே, புள்ள” என்றார். ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

அன்றே நாடாவை முழுவதும் பிரித்தேன். சட்டையைக் கொடியில் தொங்கவிட்டு, கீழ்க்கரை முழுவதும் உடுப்புக் கிளிப் போட்டேன். இறங்குவதெல்லாம் இப்போதே இறங்கட்டும். சனி மத்தியானம்வரை கச்சானில் ஆடியது.

பிறகு யதுஷாவைக் கதிரையில் ஏற்றி, கதிரைப் பலகையிலிருந்து சட்டைக் கரைவரை அடிமட்டம் வைத்துச் சுற்றிவரக் குறித்தேன். அவள் நாலு தரம் தண்ணீர் கேட்டாள், இரண்டு தரம் மூத்திரத்துக்குப் போகக் கேட்டாள். கேதீஸ் பக்கத்தில் நின்று அவளுக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்தார். சுவருக்கு மட்டம் பிடிக்கிற ஆள். ஓர் இடத்தில் குனிந்து, “இஞ்ச ஒரு நூல் கூட” என்று காட்டினார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இறங்கியதை வெட்டி, மறுபடி தரையில் ஊர்ந்து, நூலோட்டி, தைத்து, பின்னேரம் திரும்பவும் தொங்கவிட்டேன்.

ஞாயிறு காலை டீச்சர் வந்தார். கையில் துணிப்பை இருந்தது. எனக்குத் தரத்தானா, கல்முனைக்குப் போகும் வழியா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வந்ததும் கொடியிலிருந்த சட்டையை எடுத்தார். தரையில் விரித்தார். பிறகு யதுஷாவுக்குப் போட்டு, சுற்றச் சொல்லாமல், அசையாமல் நிற்கச் சொன்னார். தரையில் குந்தி, கண்ணைக் கரை மட்டத்துக்குக் கொண்டுபோய், சுற்றிவரப் பார்த்தார்.

“கல்முனைச் சட்டைய நேத்து என்ட மகளுக்குப் போட்டுப் பாத்தன்” என்றார். “அதிலயும் நாலு இடம் தொங்குது. அந்தாள் நல்லாத்தான் தைச்சிருக்கார். நீங்க அண்டைக்குக் காட்டாட்டி எனக்குத் தெரிஞ்சே இரிக்காது. இப்ப எதைப் பாத்தாலும் அந்த நாலு இடம்தான் தெரியிது. என்ட கண்ணைக் கெடுத்துப்போட்டீங்க, சுபா.”

பையை என் மடியில் வைத்தார். இந்த முறை வாங்கிக்கொண்டேன்.

அவர் வாசல் படலையைத் தாண்டுமுன்னே ஃபோன் அடித்தது. ஏஜென்ட். என் இரண்டு கையிலும் துணி. அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார்.

“ஓம், அவட தாய்தான் கதைக்கன்” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்ல தம்பி. அவ வரமாட்டா. இந்த வீட்டிலயிருந்து நான் ஒருத்தி போனதே காணும்.”

ஃபோனை வைத்துவிட்டு, யதுஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

என் தையல் அறையில் இப்போது நாலு மெஷின் ஓடுகிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பொட்டு அட்டை தொங்குகிறது. யார் தைத்ததிலும் யாரும் ஒட்டலாம். என்னுடையதில் கொஞ்சம் ஆசையாகவே ஒட்டுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. பதின்மூன்று சட்டை பாக்கி என்பதுதான் தெரியும். செருப்புகளை எடுத்து வந்து, மஞ்சள் துணியைத் தரையில் விரித்து, மூலைக்கு மூலை மடித்தேன்.